அத்தியாயம் 6: முதலில் கோப்பு, பிறகு கணினி

லிப்ரே ஆபீஸைப் பதிவிறக்கி ஒரு கணினியில் நிறுவக் கால் மணி நேரம் போதும். பதினைந்து பேர் வேலை பார்க்கும் அலுவலகம் அதற்கு முழுதாகப் பழக நான்கைந்து மாதம் பிடிக்கும். புது மென்பொருள் கடினமாக இருப்பதால்தான் இவ்வளவு நாள் ஆகிறது என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் நாளை இழுப்பவை பத்துப் பதினைந்து வருடமாக டி டிரைவில் சேர்ந்து கிடக்கும் பழைய கோப்புகள். அதனால் நிறுவும் முறையை இங்கே விளக்கப் போவதில்லை. பழைய கோப்புகளை என்ன செய்வது, எந்த வரிசையில் செய்வது என்பதுதான் இந்த அத்தியாயம்.

ஆடிட்டர் அலுவலகம், பள்ளி அலுவலகம், அறக்கட்டளை, மொத்த வியாபாரக் கடை, சிறிய அச்சகம் என்று ஐந்திலிருந்து முப்பது கணினிகள் வரை உள்ள இடங்களை மனத்தில் வைத்து எழுதுகிறேன். விண்டோஸ் இருந்தபடியே இருக்கட்டும். வேர்டையும் எக்செலையும் எடுப்பதோடு லினக்ஸையும் சேர்த்துக் கொண்டுவர வேண்டும் என்று உற்சாகமாகக் கிளம்புகிறவர்கள் இருக்கிறார்கள். இரண்டையும் ஒரே மாதத்தில் மாற்றினால், பிரிண்டர் ஓடாவிட்டாலும் பழி லிப்ரே ஆபீஸ் மேல்தான் விழும்.

ஜெர்மனியின் ஷ்லெஸ்விக்-ஹோல்ஸ்டைன் மாநில அரசு 2024 ஏப்ரலில் ஏறக்குறைய 30,000 கணினிகளை மாற்றுவதாக அறிவித்தபோது வைத்துக்கொண்ட வரிசையும் இதுதான். முதலில் லிப்ரே ஆபீஸ், பிறகு மின்னஞ்சல், இயங்குதளம் அதற்குப் பின்னால். அதே நாட்டில் மியூனிக் நகராட்சி 2003-இல் முடிவெடுத்து, 2013 வாக்கில் சுமார் 15,000 கணினிகளை லினக்ஸுக்குக் கொண்டுவந்தது. 2017-இல் நகர மன்றம் விண்டோஸுக்கே திரும்ப முடிவு செய்தது. அரசியல், நிர்வாகக் குழப்பம் என்று அதற்குப் பல காரணங்கள் சொல்லப்படுகின்றன. நமக்கு உதவும் பாடம் வேறு. துறைக்குத் துறை சிதறிக் கிடந்த கடிதத் தாள்களையும் படிவங்களையும் மேக்ரோக்களையும் ஒழுங்குபடுத்த அந்த நகராட்சி 'வோல்மக்ஸ்' என்று தனியாக ஒரு மென்பொருளே எழுத வேண்டியிருந்தது. கணினியை மாற்றும் வேலையைவிட லெட்டர்ஹெட்டை மாற்றும் வேலை பெரிது என்பது அவர்களுக்குத் தெரிந்திருந்தது. நம் ஊர்ச் சின்ன அலுவலகத்திலும் நிலைமை அதுவே, அளவுதான் சிறியது.

ஏன் இப்போது?

ஆபீஸ் 2016, ஆபீஸ் 2019 இரண்டுக்கும் மைக்ரோசாஃப்ட் தரும் பாதுகாப்புத் திருத்தங்கள் 2025 அக்டோபர் 14-உடன் நின்றுவிட்டன. ஒருமுறை காசு கொடுத்து வாங்கி வருடக்கணக்கில் ஓட்டியவர்கள் இப்போது ஆண்டுச் சந்தா கட்டும் முடிவின் வாசலில் நிற்கிறார்கள். இவர்களுக்குக் கணக்கு எளிது. ஆள் எண்ணிக்கையைச் சந்தாவால் பெருக்கி, அதை ஐந்து வருடத்துக்குப் போட்டுப் பார்த்தால் போதும்.

இன்னொரு வகையினர் காசே கொடுத்ததில்லை. கணினியை அசெம்பிள் செய்து கொடுத்தவரே 'எல்லாம் போட்டாச்சு சார்' என்று ஆபீஸையும் ஏற்றிக் கொடுத்துவிட்டுப் போயிருப்பார். அந்தத் திருட்டு நகலை இயக்க அவர் போட்ட ஆக்டிவேட்டர், வேலை செய்வதற்காக ஆன்டிவைரஸை அணைக்கச் சொல்லியிருக்கும். அன்றிலிருந்து அந்தக் கணினியில் என்னவெல்லாம் குடியிருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. சட்டமும் இருக்கிறது. பதிப்புரிமைச் சட்டம் 1957, பிரிவு 63பி: திருட்டு நகல் என்று தெரிந்தே கணினியில் பயன்படுத்தினால் 7 நாள் முதல் 3 ஆண்டு வரை சிறை, 50,000 ரூபாய் முதல் 2 லட்சம் வரை அபராதம். 'எங்களுக்கு இப்பவே இலவசம்தானே' என்று சொல்லும் முதலாளியிடம் இதைக் காட்டுங்கள்.

கணக்கெடுப்பு

முதல் இரண்டு வாரம் எதையும் நிறுவ வேண்டாம். ஒவ்வொரு கணினியிலும் விண்டோஸ் தேடலைத் திறந்து நான்கு வகைக் கோப்புகளை மட்டும் தேடுங்கள். மேக்ரோ உள்ள எக்செல் கோப்புகள், அக்சஸ் தரவுத்தளங்கள், அவுட்லுக்கின் பிஎஸ்டி கோப்புகள், வேர்ட் டெம்ப்ளேட்டுகள். மற்றவை பெரும்பாலும் கடிதம், கொட்டேஷன், சம்பளப் பட்டியல், வருகைப் பதிவு. அவை லிப்ரே ஆபீஸில் அப்படியே திறக்கும், அவற்றுக்காகத் தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டியதில்லை.

அக்சஸ் கோப்பு கிடைத்தால் அதை எழுதியவர் இன்னும் வேலையில் இருக்கிறாரா என்று கேளுங்கள். அட்டவணைகளில் உள்ள தரவை வெளியே எடுத்துவிடலாம். படிவங்களும் அறிக்கைகளும் அதன் உள்ளே எழுதிய நிரலும் கூடவே வராது. அந்த வேலையைப் புதிதாகத்தான் செய்ய வேண்டும், அல்லது அந்தக் கணினியை மட்டும் விட்டுவிட வேண்டும்.

மேக்ரோ எக்செல்களை இரண்டாகப் பிரியுங்கள். நம் அலுவலகத்திலேயே யாரோ எழுதியவை ஒரு பக்கம். அவற்றில் பாதி, 'பிரிண்ட்' என்று ஒரு பொத்தான் வைத்துக்கொண்டிருக்கும் சாதாரண ஷீட்டுகளாக இருக்கும். மேக்ரோவைத் தூக்கிவிட்டாலும் ஒன்றும் குறையாது. எக்செலின் விபிஏ நிரலை லிப்ரே ஆபீஸ் ஓரளவுக்கு ஓட்டும். சிறியவை ஓடிவிடும், பெரியவை ஏதோ ஒரு வரியில் முறுக்கிக்கொண்டு நிற்கும்.

மறுபக்கம் அரசுத் துறைகள் தந்தவை. ஜிஎஸ்டிஆர்-3பி, ஜிஎஸ்டிஆர்-9 ஆகியவற்றை இணைய இணைப்பு இல்லாமல் தயாரிக்க ஜிஎஸ்டி தளம் தரும் கருவிகள் மேக்ரோ உள்ள எக்செல் கோப்புகள். வருமான வரித் துறையின் எக்செல் யூட்டிலிட்டியும் அப்படித்தான். இவற்றை லிப்ரே ஆபீஸில் ஓட்டிப் பார்த்து நேரத்தை வீணாக்காதீர்கள். உங்கள் அலுவலகத்தில் இந்த வேலை நடக்கிறது என்றால், ஒரே ஒரு கணினியில் காசு கொடுத்து வாங்கிய எக்செல் இருக்கட்டும். அதில் தாக்கல் வேலை மட்டும் நடக்கட்டும். 'முழுதாக மாறினால்தான் மாற்றம்' என்று வீம்பு பிடித்தவர்கள் செப்டம்பர் கடைசி வாரத்தில் இரவோடு இரவாகப் பழைய ஆபீஸைத் திரும்ப ஏற்றியிருக்கிறார்கள். பதினைந்தில் பதினான்கு மாறினால் அது வெற்றிதான்.

பழைய தமிழ் எழுத்துருக்கள்

நம் ஊர் அலுவலகங்களில் அதிகம் அழ வைப்பது எக்செல் இல்லை, இதுதான். வெளிநாட்டு வழிகாட்டிகள் எதிலும் இது இருக்காது என்பதால் கொஞ்சம் நின்று பார்ப்போம்.

தமிழ்நாடு அரசு 1999-இல் டேம், டேப் குறியீட்டு முறைகளை ஏற்றது. 2010-இல்தான் யூனிகோடுக்கு வந்தது. அதற்கு முன்னும், பல இடங்களில் அதற்குப் பின்னும், வானவில், பாமினி, ஸ்ரீலிபி என்று ஆளுக்கொரு எழுத்துருவில் தட்டினார்கள். இந்தக் கோப்புகளுக்குள்ளே தமிழ் எழுத்தே கிடையாது. உள்ளே இருப்பவை ஆங்கில எழுத்துகளும் குறிகளும்; எழுத்துரு அவற்றின் மேல் தமிழ் முகத்தை ஒட்டிக் காட்டுகிறது. எழுத்துரு இல்லாத கணினியில் திறந்தால் 'பெறுநர்' இருந்த இடத்தில் ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியும் கலந்த குப்பை தெரியும். உடனே 'லிப்ரே ஆபீஸ்ல தமிழ் வராது' என்று தீர்ப்பு சொல்லிவிடுவார்கள். அந்த எழுத்துரு விண்டோஸில் நிறுவப்பட்டிருந்தால் லிப்ரே ஆபீஸிலும் அது சரியாகவே தெரியும். எனவே முதல் வேலை, அலுவலகத்தில் புழங்கும் எல்லாப் பழைய எழுத்துருக்களையும் ஒரு ஃபோல்டரில் திரட்டி, எல்லாக் கணினிகளிலும் ஏற்றுவது.

இரண்டாவது சிக்கல் நுட்பமானது. பாமினியில் வருடக்கணக்காகத் தட்டுகிறவர் புது மென்பொருளில் ஒரு வாக்கியத்தைத் தொடங்குகிறார். முதல் எழுத்து தானாக வேறொன்றாக மாறுகிறது. அழித்துத் திரும்பத் தட்டினாலும் மாறுகிறது. 'இது பேய் பிடிச்ச சாஃப்ட்வேர் சார்' என்பார். காரணம் ஆட்டோகரெக்ட். ஆங்கில வாக்கியத்தின் முதல் எழுத்தைப் பெரிய எழுத்தாக்கும் வசதி, பாமினியில் ஒரு தமிழ் எழுத்தை இன்னொன்றாக்கிவிடுகிறது. மேற்கோள் குறிகளை வளைக்கும் வசதியும் இதே வேலையைச் செய்யும். வேர்டிலும் இந்தத் தொல்லை உண்டு. பல வருடம் முன்பே யாரோ அதை அணைத்துக் கொடுத்துவிட்டதால் டைப்பிஸ்ட்டுக்கு அது நினைவில் இல்லை. டூல்ஸ் மெனுவில் ஆட்டோகரெக்ட் ஆப்ஷன்ஸைத் திறந்து இந்த இரண்டையும் அணையுங்கள். பயிற்சி வகுப்புக்கு முன்பே இதைச் செய்துவிட்டால் பாதி எதிர்ப்பு அடங்கிவிடும்.

பழைய கோப்புகள் அனைத்தையும் யூனிகோடுக்கு மாற்ற வேண்டுமா? வேண்டாம் என்பதே என் அபிப்பிராயம். என்எச்எம் கன்வெர்ட்டர் போன்ற இலவசக் கருவிகள் இருக்கின்றன. ஆனால் தமிழும் ஆங்கிலமும் கலந்த கடிதத்தை மொத்தமாக அதில் போட்டால் ஆங்கிலச் சொற்களும் தமிழ்க் குப்பையாகிவிடும். பத்தி பத்தியாகப் பிரித்துப் போட வேண்டும், பிழை திருத்த ஆள் வேண்டும். இன்னும் பயன்பாட்டில் உள்ள பத்து இருபது மாதிரிக் கடிதங்களை மட்டும் மாற்றுங்கள். முடிந்துபோன கடிதங்களைப் பழைய எழுத்துரு இருக்கும்போதே பிடிஎஃப் ஆக்கிவிடுங்கள். எழுத்துரு அதற்குள்ளேயே பதிந்துவிடும், இன்னும் இருபது வருடம் கழித்துத் திறந்தாலும் படிக்கலாம்.

புதிதாகத் தட்டுவது யூனிகோடில் இருக்கட்டும். தமிழ்99 தெரிந்தவர் அதிலும், பழைய விசைப்பலகையை விட முடியாதவர் என்எச்எம் ரைட்டர், அழகி, இ-கலப்பை போன்றவற்றில் உள்ள பழைய முறையிலும் தட்டலாம். லிப்ரே ஆபீஸில் தமிழ் எழுத்துருவுக்கும் ஆங்கில எழுத்துருவுக்கும் தனித்தனி அமைப்பு உண்டு. டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லாங்குவேஜஸ் போய் 'காம்ப்ளெக்ஸ் டெக்ஸ்ட் லேஅவுட்' என்பதில் தமிழைத் தேர்ந்தெடுத்து, லிப்ரே ஆபீஸில் வேர்டின் இடத்தில் இருக்கும் ரைட்டரின் அடிப்படை எழுத்துருவாக நிர்மலாவையோ நோட்டோவையோ வையுங்கள். இதைச் செய்யாமல் ஸ்டைலில் ஆங்கில எழுத்தின் அளவை மட்டும் கூட்டிவிட்டு, தமிழ் ஏன் பெரிதாகவில்லை என்று தலையைச் சொறிகிறவர்கள் ஏராளம். மெனுவையே தமிழில் வைத்துக்கொள்ளும் வசதியும் இருக்கிறது. ஆனால் ஆங்கில மெனுவுக்குப் பழகியவரிடம் அதைத் திணிக்காதீர்கள்.

கடிதம் இரண்டு பக்கமாவது ஏன்

வேர்டில் ஒரே பக்கத்தில் உட்கார்ந்திருந்த கடிதம் ரைட்டரில் திறந்ததும் 'இப்படிக்கு' மட்டும் இரண்டாம் பக்கத்தில் போய் நிற்கும். இரண்டு காரணம். ஒன்று எழுத்துரு. டைம்ஸ் நியூ ரோமன், ஏரியல், காலிப்ரி ஆகியவை விண்டோஸோடு வருபவை. இல்லாவிட்டாலும் அதே அகலமுள்ள லிபரேஷன், கார்லிட்டோ எழுத்துருக்கள் லிப்ரே ஆபீஸோடு வருகின்றன. மைக்ரோசாஃப்ட் 365 இப்போது இயல்பாக வைத்திருக்கும் ஆப்டோஸ் அப்படி வருவதில்லை. ஆப்டோஸில் எழுதியவற்றை, வேர்ட் கையில் இருக்கும்போதே வேறு எழுத்துருவுக்கு மாற்றிச் சேமித்துவிடுங்கள்.

இன்னொரு காரணம் நம் பழக்கம். தேதியை வலப்பக்கம் கொண்டுபோக ஸ்பேஸ் பாரை நாற்பது முறை தட்டியிருப்போம். அடுத்த பக்கம் போக என்டரை அமுக்கிக்கொண்டே இருந்திருப்போம். அப்படிக் கட்டிய கடிதம் எந்த மென்பொருளில் திறந்தாலும் சரியும், வேர்டின் அடுத்த பதிப்பிலும்தான். லெட்டர்ஹெட், கொட்டேஷன், அனுபவச் சான்றிதழ், நினைவூட்டல் கடிதம் ஆகியவற்றை ரைட்டரில் புதிதாக, டேப்பும் பக்க முறிவும் ஒழுங்காக வைத்து, டெம்ப்ளேட்டாகச் செய்து கொடுங்கள். பழையதை ஒட்டுப்போட்டுச் சரிசெய்வதைவிட இதற்கு நேரம் குறைவு.

கால்க்

லிப்ரே ஆபீஸில் எக்செலின் இடத்தில் இருப்பது கால்க். அதில் முதல் நாளே கவனிக்க வேண்டியவை இரண்டு. லோக்கேலை 'இங்கிலிஷ் (இந்தியா)' என்று மாற்றுங்கள். மாற்றாவிட்டால் நடப்பது இது: ஏப்ரல் முதல் தேதி பில்லுக்கு 1/4/2025 என்று தட்டுவார்கள், அமெரிக்க அமைப்பில் உள்ள கால்க் அதை ஜனவரி 4 என்று எடுத்துக்கொள்ளும். 13/4/2025 தட்டினால் பதின்மூன்றாவது மாதம் இல்லாததால் அதைத் தேதியாகவே ஏற்காது, வெறும் எழுத்தாக இடதுபக்கம் ஒட்டிவிடும். 'தேதியில பாதி இடது பக்கம் நிக்குது, பாதி வலது பக்கம் நிக்குது சார்' என்று கணக்குப் பிரிவு அக்கா சொன்னால், வலப்பக்கம் நிற்பவற்றைத்தான் முதலில் சந்தேகப்படுங்கள். இடப்பக்கம் நிற்பது கண்ணுக்குத் தெரிந்த பிழை; வலப்பக்கம் நிற்பது சரியானதுபோல் நடித்துக்கொண்டு காலாண்டுக் கணக்கில் புகுந்துவிடும். இந்திய லோக்கேலில் ரூபாய்க் குறியும் 12,34,567 என்ற லட்சக் காற்புள்ளியும் சேர்ந்தே வந்துவிடும்.

அடுத்தது பதிப்பு. எக்ஸ்லுக்அப், ஃபில்டர், யூனிக் போன்ற புதிய சூத்திரங்கள் 2024 ஆகஸ்டில் வந்த 24.8 பதிப்பில்தான் கால்க்குக்குள் நுழைந்தன. யாரோ பென்டிரைவில் வைத்திருக்கும் பழைய பதிப்பை ஏற்றிவிட்டு 'எக்செல் ஃபார்முலா ஓடலை' என்று புலம்ப வேண்டாம். அதிகாரபூர்வத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். பவர் கொயரி, பவர் பிவட் இரண்டும் கால்க்கில் இல்லை. சாதாரண பிவட் டேபிள் இருக்கிறது.

பொது ஃபோல்டரில் உள்ள ஒரு கோப்பு 'இன்னொருவர் பயன்படுத்துகிறார்' என்று நாள் முழுக்கச் சொன்னால், கரண்ட் போய் நின்ற கணினி ஒன்று பூட்டுக் கோப்பை விட்டுச் சென்றிருக்கும். மறைந்த கோப்புகளைக் காட்டச் சொன்னால், புள்ளியில் தொடங்கி 'லாக்' என்ற சொல்லோடு கிடக்கும். யாரும் திறந்து வைக்கவில்லை என்று கூவிக் கேட்டு உறுதிசெய்துகொண்டு அதை அழித்துவிடலாம்.

எந்த வடிவில் சேமிப்பது

அலுவலகத்துக்குள் ஓடிஎஃப். அது 2006 முதல் ஐஎஸ்ஓ தரம். லிப்ரே ஆபீஸின் சொந்த வடிவம். வெளியே போகும் இறுதிக் கடிதம் பிடிஎஃப். எதிர்த்தரப்பு திருத்தித் திருப்பி அனுப்ப வேண்டியிருந்தால் மட்டும் வேர்ட் வடிவம். எல்லாவற்றையும் வேர்ட் வடிவத்திலேயே சேமிக்கும்படி அமைத்துவிட்டால் தொல்லையில்லை என்று சிலர் சொல்வார்கள். கடிதங்களுக்கு அது பரவாயில்லை. பட்டியலும் படமும் அடிக்குறிப்பும் நிறைந்த அறிக்கை, ஒவ்வொரு சேமிப்பிலும் மொழிமாற்றம் ஆகி ஆகிக் கொஞ்சம் கொஞ்சமாகச் சிதையும். அரைகுறை வசதியாக இன்னொன்று உண்டு: பிடிஎஃப் ஆக்கும்போது மூலக் கோப்பையும் அதற்குள்ளேயே பொதித்து வைக்கலாம். ஒப்பந்தங்களுக்கு இதை விரும்புவேன், வெளியே அனுப்பும் பிரதியில் மட்டும் வேண்டாம்.

யார் முதலில், எப்போது

கடிதம் மட்டும் தட்டுகிறவர் முதலில், கணக்குப் பிரிவு கடைசியில். முதலாளி நடுவில் எங்காவது மாறிவிட வேண்டும். அவர் கணினியில் மட்டும் வேர்ட் இருந்தால் மற்றவர்கள் அதைத் தண்டனையாக எடுத்துக்கொள்வார்கள். ரிப்பன் பட்டைக்குப் பழகியவர்களுக்கு வியூ மெனுவில் யூசர் இன்டர்ஃபேஸ் போய் 'டேப்ட்' என்பதைத் தேர்ந்தெடுத்துக் கொடுங்கள். ஆபீஸ் 2003 காலத்து ஆட்களுக்கு இயல்பான மெனுவே சொந்த வீடுபோல் இருக்கும்.

மாதத்தில் 11-ஆம் தேதியும் 20-ஆம் தேதியும் ஜிஎஸ்டி நாள்கள். அதனால் எந்த மாற்றத்தையும் 21-இல் தொடங்குங்கள். மார்ச், ஏப்ரல், செப்டம்பர் பக்கமே போகாதீர்கள். சிக்கினால் கேட்க ஆள் வேண்டும். கணியம் குழுவினர் தமிழிலேயே எழுதியும் பேசியும் வருகிறார்கள், சென்னையில் லினக்ஸ் பயனர் குழு உண்டு. உள்ளூரில் ஒருவருக்குக் காசு கொடுத்து மாதம் ஒருமுறை வரச்சொல்வது இன்னும் நல்லது. மிச்சப்படுத்திய சந்தாவில் ஒரு பங்கு அவருக்குப் போகட்டும்.

ஒரே கோப்பில் நாலு பேர் ஒரே நேரத்தில் எழுதும் வேலை இருந்தால் கூகுள் டாக்ஸ், ஜோஹோ போன்ற இணையவழிக் கருவிகள் பொருத்தம். சொந்த சர்வர் வைக்கும் தெம்பிருந்தால் ஒன்லி ஆபீஸ். நிறுவன அளவில் இலவசம் எங்கே முடிகிறது என்று பார்த்துக்கொண்டு இறங்குங்கள். வாடிக்கையாளரின் பான் எண்ணும் வங்கிக் கணக்கும் உள்ள ஷீட்டை யாருடைய சர்வரில் வைக்கிறோம் என்பதையும்.

மின்னஞ்சலில் ஒரே எச்சரிக்கை: ஐமேப் முறையில் இருந்தால் தண்டர்பேர்டில் கணக்கைச் சேர்த்தவுடன் எல்லா அஞ்சலும் வந்துவிடும். பாப் முறையில் இருந்தால் பழைய அஞ்சல்கள் அந்தக் கணினியின் பிஎஸ்டி கோப்பில் மட்டுமே இருக்கின்றன. அவுட்லுக் உயிரோடு இருக்கும்போதே அவற்றை வெளியே எடுங்கள்.

கடைசியாகச் சந்தாவை நிறுத்துவது. மைக்ரோசாஃப்ட் 365 சந்தா முடிந்ததும் வேர்டும் எக்செலும் படிக்க மட்டும் விடும், திருத்த விடாது. ஒன்டிரைவில் இலவச அளவுக்கு மேல் வைத்திருப்பவை முதலில் முடக்கப்படும், பிறகு அழிக்கப்படும். டெஸ்க்டாப்பில் தெரியும் ஃபோல்டர்கூட உண்மையில் ஒன்டிரைவில் இருக்கலாம். ஐகானில் மேகக் குறி இருக்கிறதா என்று ஒவ்வொரு கணினியிலும் பாருங்கள். எல்லாவற்றையும் வெளி ஹார்ட் டிஸ்கில் இறக்கி, பத்துக் கோப்புகளைத் திறந்து பார்த்து, அதன் பிறகு தானியங்கிப் புதுப்பித்தலை அணையுங்கள். தாக்கல் வேலைக்கென்று விட்டுவைத்த அந்த ஒரு கணினியின் எக்செல் பில்லையும் உரிம எண்ணையும் ஜிஎஸ்டி பதிவுச் சான்றிதழ் இருக்கும் ஃபைலிலேயே சேர்த்து வையுங்கள்.